தையல் வகுப்பில் சொன்ன பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் படிப்பு ஏறாமல் நின்றதில்லை. வயதுக்கு வந்து நின்றார்கள். நேற்றுவரை முன் வரிசையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தவள் இன்றைக்கு வரமாட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டால் அடுத்த வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "அவளுக்குக் குடிசை கட்டியிருக்காங்க, வாத்தியாரம்மா" என்பாள். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து வாசலோரம் குடிசை போடுவார். அதில் பெண்ணை உட்கார வைத்து, தனித் தட்டும் தனிச் சொம்பும் கொடுத்து, உளுந்துக் களியும் நல்லெண்ணெயுமாக ஊட்டி, நாள் முடிந்ததும் ஓலையைக் கொளுத்திவிட்டு ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்கள். சோறு தின்ற கை காய்வதற்குள் மாப்பிள்ளைப் பேச்சு. நான் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று எழுதுவேன்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது எரிச்சல். கையைப் பிடித்து எழுத வைத்து, குட்டி, கெஞ்சி, பின்னங்கணக்கு வரைக்கும் இழுத்து வந்த பெண்ணை, உடம்பு தன் வேலையைச் செய்த ஒரே குற்றத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். முன்கோபக்காரி என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான்.

அது யுத்த காலம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருந்த ஓர் ஊரில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் நான் மேல் வகுப்புகளுக்கு வாத்தியாரம்மா. மேல் வகுப்புகள் என்றால் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். ஏழாவதும் எட்டாவதும் சேர்த்து ஆறு பெண்கள். மற்றவர்கள் எல்லாரும் அதற்கு முன்பே குடிசைக்குப் போய்விட்டவர்கள்.

என் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதில் கல்யாணம், பதினொன்றில் தாலி போயிற்று, பன்னிரண்டில் வயதுக்கு வந்தேன். என் வீட்டில் அன்றைக்கு யாரும் ஓலை வெட்டப் போகவில்லை. அம்மா ஒரு பழம்புடவைத் துண்டை என் பக்கம் போட்டுவிட்டு, "இதுக்கு ஒண்ணுதான் கொறைச்சல்" என்றாள். எனக்கு என்ன ஆகிறது என்று அவள் சொல்லவில்லை. நான் சாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான்கு நாள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். சாகவில்லை. கைம்பெண் சும்மா இருந்தால் ஊர் பேசும் என்று பிறகு என்னைப் படிக்க அனுப்பினார்கள். படித்து வாத்தியாரம்மா ஆனேன்.

வாத்தியார் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் ஒரு மத்தியானம் ஒரு நர்ஸம்மா வந்து எங்களுக்கு இதைப் பற்றிப் பேசினார். கரும்பலகையில் ஒரு படம் போட்டார். பெண் உடம்பில் கருப்பை என்று ஒன்று இருக்கிறது, மாதம் ஒருமுறை அது தன்னைக் கழுவிக்கொள்கிறது, இது நோயும் இல்லை, பாவமும் இல்லை, சுத்தமான துணி வேண்டும், அந்தத் துணி வெயிலில் காய வேண்டும் என்றார். அதற்குள் எங்கள் தலைமை அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "போதும், மிச்சத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுந்துவிட்டார். சுகாதாரப் புத்தகத்தில் கொசு இருந்தது, கிணற்றுக்கு மருந்து போடுவது இருந்தது. மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அந்த அரை மணி நேரமே பெரிய சொத்தாக இருந்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் என்ற நினைப்பிலேயே அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அதனால் ஓர் ஆடி மாதம் முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி தையல் வகுப்பு. தையல் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், எந்த ஆம்பிளையும் எட்டிப் பார்க்கமாட்டான். ஆறு பெண்களையும் கிட்டத்தில் உட்கார வைத்து, கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு, நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் வெட்கம் குறையும் என்று எனக்குத் தோன்றிய யோசனை அது. அது மட்டும் நல்ல யோசனைதான்.

முதல் வாரம் ஒருத்தியும் நிமிரவில்லை. இரண்டாம் வாரம் ஒருத்தி தலையைத் தூக்கி, "வாத்தியாரம்மாவுக்கும் வருமாங்க?" என்று கேட்டாள். வரும் என்றேன். ஆறு பேரும் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள். படித்தவர்களுக்கு அது வராது என்று நினைத்திருந்தார்களாம். எட்டாவது படித்ததும் அது நின்றுபோகும் என்றால் யாருக்குப் படிப்பு கசக்கும் என்று கேட்டேன். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பாடம் சுலபமாகப் போயிற்று.

நர்ஸம்மா சொன்னதோடு நான் சொந்தமாகவும் சேர்த்துக்கொண்டேன். இது தீட்டு இல்லை என்றேன். குடிசையும் வேண்டாம், தனித் தட்டும் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு விலக்கானவர்களின் துணியை ஏகாலி வீட்டுப் பெண் வந்து மூட்டை கட்டி எடுத்துப் போவாள், வெளுத்த மாற்றுத் துணி கொடுப்பாள். அது ஊர் வழக்கம். அதையும் விடவில்லை. உன் துணியைத் துவைக்க உனக்குக் கை இல்லையா, இன்னொருத்தி எதற்கு என்று கேட்டுக் கேலி செய்தேன். கடைசியாக, பயப்படாதே, யாரிடமும் போய்ச் சொல்லித் தண்டோரா போட வேண்டாம், துவைத்துக்கொள், பள்ளிக்கூடத்துக்கு வா என்று முடித்தேன். நான் பெருமையோடு சொன்ன வாக்கியம் அதுதான்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி எட்டாவது படித்தாள். ராகியும் நிலக்கடலையும் போடுகிற குடியானவர் வீட்டு மூத்த பெண். ஒன்றரை மைல் நடந்து வருவாள். எட்டாவது பரீட்சை எழுதித் தேறினால் பயிற்சிக்குப் போகலாம், தானும் வாத்தியாரம்மா ஆகலாம் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். பங்குனியில் பரீட்சை. அதுவரை உடம்பு பொறுக்க வேண்டும் என்று அவள் பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொண்டாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வாய்க்கு வாய் பேசுகிறவள். நான் கோபப்பட்டால் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். "திட்டி முடிச்சாச்சுங்களா, கணக்கைப் பாக்கலாமுங்களா?" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டபின் நின்றாள்.

"வந்துருச்சுங்க" என்றாள்.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாதுங்க. சொன்னா நாளைக்கே மாமன் ஓலை வெட்டப் போயிருவாருங்க."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. என் பாடத்தை ஒருத்தி கேட்டு, நம்பி, அதன்படி நடக்கிறாள். "பரீட்சை முடியற வரைக்கும் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொடுத்தேன். பார் சோப்பில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். துவைத்ததை என் வீட்டுக் கொல்லைக் கொடியில் காயப்போடச் சொன்னேன்.

இரண்டு மாதம் அப்படிச் செய்தாள். மார்கழியில் துணி கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "எங்க வாய்க்காலிலேயே பாத்துக்கறேங்க" என்றாள். சரி, கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தை மாதத்திலிருந்து அவள் நிறம் மாறியது. வெயிலில் நடந்து வருகிற பெண், கறுப்பு முகம் சாம்பல் பூத்தமாதிரி ஆயிற்று. வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வருகிறாள் என்றார்கள். எழுதுகிற பலப்பத்தை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றாள். ஒரு வாரத்தில் ஒரு பலப்பம் காலி. "மண்ணைத் தின்கிற குழந்தையா நீ?" என்று கையில் அடித்தேன். "வாய் கேக்குதுங்க, என்ன பண்ணட்டும்" என்றாள். மத்தியானம் பலகையில் தலையை வைத்துத் தூங்கினாள். பரீட்சைப் பயம் என்று நானே முடிவு கட்டினேன். யுத்த காலத்தில் யார் வீட்டிலும் அரிசி இல்லை, எல்லாரும்தான் வெளுத்துப் போயிருந்தோம் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். துணி எத்தனை நாள் வைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. எத்தனை நாள் போனால் சரி, எவ்வளவு போனால் தப்பு என்பது அந்த நர்ஸம்மாவின் மிச்சத்தில் இருந்திருக்கும். நான் பாதிக் கிணறு தாண்டியவள். அவளையும் பாதியில் விட்டேன்.

மாசிக் கடைசியில் ஒரு காலை. பெயர் கூப்பிடுகிறேன். "உள்ளேன் அம்மா" என்று எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். எடையே இல்லை. பாவாடை நனைந்திருந்தது. மற்றப் பெண்கள் தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்தார்கள். நான் அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லீங்க, அதுதானுங்க" என்றாள்.

வண்டி பிடித்தோம். கடலைக் காட்டிலிருந்து அவள் அம்மாவைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவள் பாதி வழியில், கையில் களைக்கொத்தோடு ஓடிவந்து வண்டியில் ஏறினாள். மகளின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். பாவாடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வயசுக்கு வந்துட்டாளா?"

"ஆமாம்."

"எப்பங்க?"

"ஐப்பசியில."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றேன். மாடு நடந்தது. எனக்கு அந்த வண்டியில் எதுவும் தோன்றவில்லை. துக்கமோ பயமோ எதுவும் இல்லை. பல் பிடுங்குகிறவன் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. சாலை ஓரத்துப் புளிய மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆண் டாக்டர். அவர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகித வெள்ளை. "எத்தனை நாளா நிக்காம போகுது?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவள்தான் சொன்னாள்.

"பொங்கலுக்கு மொத நாள்ல இருந்துங்க."

டாக்டர் விரலை மடக்கி எண்ணவில்லை. "இவ்வளவு நாள் யாருகிட்டயும் ஏம்மா சொல்லலை?" என்றார்.

"இது நோய் இல்லீங்களே" என்றாள் அவள். பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னாள். டாக்டர் அவள் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை.

சேலத்தில் லேடி டாக்டர் இருக்கிறார், உடனே கொண்டுபோங்கள் என்றார். முன்பு இந்தப் பக்கம் சின்ன ரயில் ஓடியது. யுத்தம் வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள். கரி பஸ்தான். பெட்ரோல் கிடைக்காத நாளில் பின்னால் அடுப்பு கட்டி, கரி போட்டு ஓட்டுகிற பஸ். கடைசி சீட்டில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு போனோம். தர்மபுரியில் நின்றது. அதியமான்கோட்டை தாண்டி, கரி கிளறுவதற்காக மறுபடி நின்றது. அவள் தண்ணீர் கேட்டாள். அம்மா சொம்பைச் சாய்த்தாள். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. பஸ் டிரைவர் கம்பியால் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். இறங்கி நின்ற ஆட்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் எல்லாரையும் ஏறச் சொன்னார். நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு பேச்சு எழுந்தது. செத்தது சிறுபிள்ளையா, பெரிய பெண்ணா, எந்த முறையில் எடுப்பது என்று கேட்டார்கள். வயதுக்கு வந்த சீர் நடக்கவில்லையே என்றார்கள். தாய்மாமன் வந்தார். உடனே போய்ப் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நான்கு கொம்பு நட்டு ஓலையைப் போட்டு, அதன் நிழலில் அவளைக் கிடத்தி, சீருக்கென்று எப்போதோ எடுத்து வைத்திருந்த புடவையைப் போர்த்தினார். அது வழக்கமா, அவருக்குத் தோன்றியதா, எனக்குத் தெரியாது. எந்தக் குடிசைக்குள் போகக் கூடாது என்று நான் அவளுக்குச் சொன்னேனோ அதற்குள் அவள் கிடந்ததை வாசலுக்கு வெளியில் நின்று பார்த்தேன். அழவில்லை. வாத்தியாரம்மாவுக்குக் கல் மனசு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கல்லோ என்னவோ, எனக்கு வரவில்லை.

ஊர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவள் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெண் வயதுக்கு வந்ததை மறைத்ததால் தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. யாராவது வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தினமும் காலையில் எழுந்தேன், பள்ளிக்கூடம் போனேன், பெயர் கூப்பிட்டேன். அவள் பெயரை நான் அடிக்கவில்லை. அதைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் கதவைத் திறந்து வைத்து, பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தேன். பங்குனியில் பரீட்சை வந்தது, போயிற்று.

சித்திரையில் ஒரு நாள், ஏகாலி வீட்டுப் பெண் என் துணிகளை வெளுத்துக் கொண்டுவந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். நாற்பது வயது இருக்கும். சோப்பும் உவர் மண்ணும் தின்று அவள் விரல் நுனிகள் வெடித்திருக்கும். வழக்கமாகத் துணியை எண்ணி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு துணி எங் கைக்கு வரலீங்களே" என்றாள்.

நான் துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

"வந்திருந்தா எட்டாம் நாளே எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. அவங்க அம்மாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். இந்த ஊருல எத்தினி பேருக்குச் சொல்லியிருக்கேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எழுத்துத் தெரியாதவள் வந்து என் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் புத்தி சொல்கிறாளே என்ற கோபம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "எட்டாம் நாள்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

மறுநாள் ஏரிக்கரையில் அவள் வெளுக்கும் துறைக்கே போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேதான். அவள் கல்லில் துணி அடித்துக்கொண்டே சொன்னாள், நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து கேட்டேன். மூன்று நாள், நான்கு நாள், சிலருக்கு ஐந்து நாள். ஏழு தாண்டினால் அவள் கவனிப்பாள். ஒரு பகலில் இத்தனை துணிக்கு மேல் நனைந்து வந்தால் கவனிப்பாள். கட்டி கட்டியாக வந்தால், வாடை வேறாக இருந்தால், மாதத்தில் இரண்டு தரம் வந்தால், வர வேண்டிய வீட்டிலிருந்து வராமல் போனால், எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. புதிதாக வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு முதல் வருஷம் முறை தப்பி வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நிற்காமல் போனால் சும்மா விடக் கூடாது என்றாள். முகம் வெளுப்பதும் மூச்சு வாங்குவதும் மண்ணும் சாம்பலும் தின்னத் தோன்றுவதும் ரத்தம் வற்றிப் போனவர்களுக்கு வருவது என்றாள். நான் பலப்பத்துக்காக அந்தப் பெண்ணின் கையில் அடித்தது ஞாபகம் வந்தது. ஊரில் அத்தனை பெண்களின் உடம்பும் இவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை எந்த வீட்டிலும் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

"அப்ப இந்த வழக்கம் நல்லதுங்கறியா?" என்று கேட்டேன்.

அவள் துணியைக் கீழே போட்டாள். "யாருங்க சொன்னா? அடுத்தவங்க தீட்டுத் துணிய இருவது வருசமாத் தூக்கறேன். எம் மவளுக்கு இது வேணாமுன்னு தெனம் நெனைக்கறேன். துணிய அவங்கவங்க தொவைக்கட்டுமுங்க. ஆனா பாக்கறதுக்கு ஆரு இருக்கா?"

பார்க்கிற ஒருத்தியை நான் வேண்டாம் என்று சொன்னேன். அவள் இடத்தில் யாரையும் வைக்கவில்லை. அவள் சொன்னதை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதினேன். எழுதி முடித்து அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இனிமேல் அந்தப் பாடத்தை நடத்துவதாக எனக்கு எண்ணம் இல்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று முடிவு செய்திருந்தேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு மனுவும் எழுதி வைத்திருந்தேன்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், செத்துப்போன பெண்ணின் அம்மா வந்தாள். கூடவே சின்ன மகள். நான்காவதில் படிக்கிறவள், ஒன்பது வயது. இவளையும் நிறுத்த வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பதிவேட்டைத் திறந்தேன். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினேன். அவள் பெஞ்சில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். நானும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். இன்றைக்காவது திட்டுவாள் என்று இருந்தது.

"பெரியவளுக்கு நீங்க சொன்ன பாடத்தை எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்க. எம்மவ என்ன கேட்டான்னு நானும் கேக்கணும்."

சொன்னேன். தையல் வகுப்பில் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கருப்பை என்று ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை தன்னைக் கழுவிக்கொள்கிறது. நோய் இல்லை, பாவம் இல்லை, தீட்டு இல்லை. சுத்தமான துணி. வெயிலில் காய வேண்டும். பயப்படாதே. யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். துவைத்துக்கொள். பள்ளிக்கூடத்துக்கு வா. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைமாதிரி கடைசிவரை கேட்டாள். கருப்பையைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒரு தரம் தலையை ஆட்டினாள். "எனக்கும் இதெல்லாம் ஆரும் சொல்லலீங்க" என்றாள்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"பெத்தவகிட்டச் சொல்லுன்னு இதுல எங்கயும் வரலீங்களே."

வரவில்லை. நான் மறுபடி ஒரு தரம் மனசுக்குள் முழுதையும் ஓட்டிப் பார்த்தேன். எந்த இடத்திலும் வரவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல் என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு வயதுக்கு வந்த நாளில் அம்மா என்று ஒருத்தி இருந்தது எனக்கு உதவவில்லை. அதனால் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டுவிட்டேன். அவளுடைய அம்மா என் அம்மா இல்லை.

"சொல்லியிருந்தா ஓலை கட்டியிருப்போம். படிப்பை நிறுத்தியிருப்போம்" என்றாள். "அது வாஸ்தவந்தானுங்க. ஆனா அவ இருந்திருப்பா."

அழுகை வரும் என்று காத்திருந்தேன், அவளுக்காவது எனக்காவது. இருவருக்கும் வரவில்லை. வெளியே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற சின்ன மகளைத் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இவளுக்குச் சொல்லறப்ப அதைச் சேத்துச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, களை எடுக்க ஆள் காத்திருக்கிறது என்று போனாள்.